ஊதினால் ஒன்று, இழுத்தால் ஒன்று: டூட்ஸ் தீலெமான்ஸின் மவுத் ஆர்கன்

அமெரிக்காவில் வெளிவரும் டவுன்பீட் என்ற ஜாஸ் பத்திரிகை ஆண்டுதோறும் சிறந்த கலைஞர்களுக்கான வாக்கெடுப்பு நடத்தும். டிரம்பெட்டுக்கு ஒரு பிரிவு, சாக்ஸபோனுக்கு ஒரு பிரிவு, பியானோவுக்கு ஒரு பிரிவு. எதிலும் அடங்காதவர்களுக்காக 'இதர வாத்தியங்கள்' என்று ஒரு பிரிவு. பெல்ஜியத்தில் பிறந்த டூட்ஸ் தீலெமான்ஸ் பல ஆண்டுகள் அந்த இதரப் பிரிவில்தான் முதலிடம் பிடித்தார். அவர் வாசித்தது ஹார்மோனிக்கா. நம் ஊரில் மவுத் ஆர்கன் என்போமே, அதேதான்.

அவரைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் "ஒரு பொம்மையை வாத்தியமாக்கினார்" என்ற வரியோடு முடித்துவிடுகிறார்கள். பாராட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் கையில் எடுத்த வகை ஹார்மோனிக்கா ஏற்கனவே பன்னிரண்டு ஸ்வரங்களும் பேசும் முழு வாத்தியம். அதை அவர் என்ன செய்தார் என்பதையும் அந்த வரி சொல்வதில்லை. அதைப் புரிந்துகொள்ள ஜாஸ் தெரிந்திருக்க வேண்டாம், மேற்கத்திய இசைக் குறிப்பு படிக்கத் தெரிந்திருக்க வேண்டாம். ச ரி க ம தெரிந்தால் போதும்.

உள்ளே என்ன இருக்கிறது?

எட்டாம் வகுப்பு படிக்கும்போது தேர்த் திருவிழாக் கடையில் வாங்கிய மவுத் ஆர்கன் ஒன்று என்னிடம் இருந்தது. ஒருநாள் அதில் ஒரு துளை பேச மறுத்துவிட்டது. சின்ன ஸ்க்ரூ டிரைவரால் மேல்தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். உள்ளே வரிசையாகப் பித்தளை நாக்குகள். இடது ஓரத்தில் நீளமானவை, வலது ஓரம் போகப்போகக் குட்டை. ஒவ்வொன்றும் ஒரு முனையில் மட்டும் தகட்டோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும், மறுமுனை சும்மா நிற்கும். நாக்குக்குக் கீழே அதே அளவில், மயிரிழை இடைவெளி விட்டு, ஒரு பிளவு. பேசாத நாக்கின் கீழே பேண்ட் பையில் இருந்த ஒரு நூல் பிசிறு சிக்கியிருந்தது. குண்டூசியால் அதை எடுத்துவிட்டதும் துளை பேச ஆரம்பித்தது.

அந்த நாக்குக்குப் பெயர் ரீட். ஆர்மோனியத்துக்குள்ளேயும் சுருதிப் பெட்டிக்குள்ளேயும் இருப்பது இதே சாதனம்தான். காற்று வேகமாக வரும்போது நாக்கு அந்தப் பிளவுக்குள் போய்ப் போய் வரும். உள்ளே போனால் காற்றுக்கு வழி அடைபடும், வெளியே வந்தால் திறக்கும். ஒரு விநாடிக்கு நூற்றுக்கணக்கான தடவை இப்படிக் காற்று வெட்டுப்படுவதுதான் நம் காதில் ஸ்வரமாக விழுகிறது. நாக்கு நீளமாக, கனமாக இருந்தால் மெதுவாக ஆடும், ஸ்வரம் கீழே இருக்கும். குட்டையானால் வேகம் கூடும், ஸ்வரம் மேலே ஏறும்.

நாயனத்தின் சீவாளியும் ஒருவகை ரீட்தான், ஆனால் நடத்தை வேறு. அங்கே ஒரே சீவாளி எல்லா ஸ்வரங்களையும் தரும், எந்த ஸ்வரம் என்பதைக் குழலின் துளைகளை மூடித் திறக்கும் விரல்கள் முடிவுசெய்யும். மவுத் ஆர்கனில் அந்த வசதி இல்லை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் தனி நாக்கு வேண்டும். ஒரு நாக்குக்கு ஒரு ஸ்வரம்தான் தெரியும்.

சரி, ஆர்மோனியத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஆர்மோனியத்தில் துருத்தி காற்றைத் தரும், விரல் ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்கும். மவுத் ஆர்கனில் துருத்தி நம் நுரையீரல். அது இரண்டு திசையிலும் வேலை செய்யும் துருத்தி. ஒரே துளையில் ஊதினால் ஒரு நாக்கு பேசும், மூச்சை உள்ளே இழுத்தால் இன்னொரு நாக்கு பேசும். காற்று போகும் திசையே ஸ்வரத்தைத் தேர்ந்தெடுக்கும் வாத்தியம் இது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் மனதில் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். டூட்ஸின் கதை முழுக்க இதைச் சுற்றியே வரும்.

சுருக்கமாக: ஸ்வரத்துக்கு ஒரு ரீட். ஒரு துளைக்குள் ஊதும்போது ஒன்று, இழுக்கும்போது வேறொன்று.

வீட்டு மவுத் ஆர்கனில் ஏன் எல்லாப் பாட்டும் வராது?

மவுத் ஆர்கன் வைத்திருந்த எல்லோருக்கும் இந்த ஏமாற்றம் நடந்திருக்கும். ஒரு பாட்டு பல்லவி வரை அழகாக வரும். சரணத்தில் ஓர் இடத்தில் தேடுவோம், தேடுவோம், அந்த ஸ்வரம் எந்தத் துளையிலும் கிடைக்காது. நமக்கு ஞானம் போதவில்லை என்று நினைத்து எடுத்து வைத்துவிடுவோம். உண்மையில் அந்த ஸ்வரம் அந்த வாத்தியத்தில் இல்லவே இல்லை.

ச முதல் மேல் ச வரை ஏழு ஸ்வரங்கள் என்றாலும், ரி, க, ம, த, நி ஆகியவற்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட இடங்கள் உண்டு. மொத்தம் பன்னிரண்டு ஸ்வர ஸ்தானங்கள். ஆர்மோனியத்தில் ஏழு வெள்ளைக் கட்டை, ஐந்து கருப்புக் கட்டை. கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் மவுத் ஆர்கன், கருப்புக் கட்டைகளைப் பிடுங்கிவிட்ட ஆர்மோனியம் மாதிரி. சங்கராபரணத்தின் ஸ்வரங்கள் கிடைக்கும், அதற்கு வெளியே போக முடியாது. இந்த வகைக்கு டயடானிக் என்று பெயர். ஒரே ஒரு ஸ்கேலுக்குள் சுருதி சேர்த்தது என்று பொருள்.

நம் வீடுகளில் அதிகம் இருந்தது டயடானிக்கிலேயே ஒரு கிளை. ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் இரண்டு நாக்குகளை வைத்து, இம்மியளவு சுருதி விலக்கிச் சேர்த்திருப்பார்கள். இரண்டும் சேர்ந்து பேசும்போது ஒலி அலை அலையாக நடுங்கும். தனியாக ஒரு மெட்டு வாசிக்கக் கேட்டால் மனம் உருகும். இன்னொரு கிளை, ப்ளூஸ் என்னும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையை வாசிக்கும் கலைஞர்களின் பத்துத் துளை ஹார்மோனிக்கா. அதில் இருபது ரீட்கள். வாய்க்குள் நாக்கின் நிலையை மாற்றி ஸ்வரத்தைக் கீழே வளைப்பார்கள், விடுபட்ட ஸ்வரங்களில் சில அப்படிக் கிடைக்கும். அந்த வளைவில்தான் ப்ளூஸின் அழுகை இருக்கிறது. சுருதி மாறினால் அவர்கள் வேறொரு ஹார்மோனிக்காவை எடுத்துக்கொள்வார்கள். மேடையில் பெட்டி நிறைய வைத்திருப்பது அதற்காகத்தான்.

டூட்ஸ் வாசித்தது இந்த இரண்டுமே இல்லை. இதைத் தெரிந்துகொள்ளாமல் அவரை ப்ளூஸ் ஹார்மோனிக்காக்காரர்களோடு சேர்த்துப் பேசுவது வீணையையும் மாண்டலினையும் தந்தி வாத்தியம் என்று சொல்லி ஒன்றாக்குவது போல.

ஒரு பொத்தான் செய்யும் வேலை

அவருடையது குரோமாட்டிக் ஹார்மோனிக்கா. குரோமாட்டிக் என்றால் பன்னிரண்டு ஸ்தானங்களும் உள்ளது என்று பொருள். பார்க்கச் சாதாரண மவுத் ஆர்கன் போலவே இருக்கும், வலது ஓரத்தில் மட்டும் ஒரு பொத்தான் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டு மவுத் ஆர்கன்களை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துக் கட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே உள்ளது ஒரு கட்டை சுருதி என்றால், கீழே உள்ளது அதற்கு அரை ஸ்வரம் கூட, அதாவது பன்னிரண்டு ஸ்தானங்களில் அடுத்த ஸ்தானம். இரண்டுக்கும் முன்னால் ஒரு சின்ன உலோகத் தகடு நழுவும். பொத்தானை விட்டால் மேல் வரிசைக்குக் காற்று போகும். அழுத்தினால் தகடு நகர்ந்து, மேல் வரிசை மூடிக் கீழ் வரிசை திறக்கும். விரலை எடுத்தால் ஸ்ப்ரிங் தகட்டைப் பழைய இடத்துக்குத் தள்ளிவிடும். வேலை அவ்வளவுதான். பொத்தானை அழுத்தினால், எந்தத் துளையில் எந்த ஸ்வரம் இருந்தாலும் அரை ஸ்வரம் ஏறும்.

வழக்கமான குரோமாட்டிக்கில் பன்னிரண்டு துளைகள். ஒவ்வொரு துளைக்கும் நான்கு நாக்குகள்: ஊத ஒன்று, இழுக்க ஒன்று, பொத்தானோடு ஊத ஒன்று, பொத்தானோடு இழுக்க ஒன்று. மொத்தம் 48 ரீட்கள், மூன்று ஸ்தாயி. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் பெட்டிக்குள் இவ்வளவும்.

ஸ்வரங்கள் எங்கே இருக்கின்றன என்று பார்ப்போம். முதல் துளையில் ஊதினால் ச, இழுத்தால் ரி. இரண்டாவதில் ஊதினால் க, இழுத்தால் ம. மூன்றாவதில் ஊதினால் ப, இழுத்தால் த. நான்காவதில் இழுத்தால் நி, ஊதினால் மேல் ச. ஐந்தாவது துளையிலிருந்து அடுத்த ஸ்தாயி, இதே வரிசையில்.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. நான்கு துளைகளில் 16 நாக்குகள் இருக்கின்றன, ஆனால் ஸ்தானங்கள் பன்னிரண்டுதான். அப்படியென்றால் சில ஸ்வரங்கள் இரண்டு இடத்தில் கிடைக்க வேண்டும். கிடைக்கின்றன. இரண்டாவது துளையில் ஊதினால் அந்தர காந்தாரம். பொத்தானை அழுத்தினால் அரை ஸ்வரம் ஏறி சுத்த மத்யமம். அதே மத்யமம் அதே துளையில் சும்மா இழுத்தாலும் வரும். ஆக, ம என்ற ஒரே ஸ்வரத்தை ஊதியும் வாசிக்கலாம், இழுத்தும் வாசிக்கலாம். ச-வும் அப்படித்தான்: ஊதினாலும் உண்டு, நான்காவது துளையில் பொத்தானோடு இழுத்தாலும் உண்டு.

யாருக்கும் பெரிதாகத் தோன்றாத விவரம் இது. ஆனால் ஹார்மோனிக்காவில் ஜாஸ் வாசிக்க முடிவதற்கு இந்த இரட்டை வழி ஒரு பெரிய காரணம்.

சுருக்கமாக: ஸ்வரத்தை மூச்சின் திசையும் பொத்தானும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பன்னிரண்டு ஸ்தானமும் உண்டு. சில ஸ்வரங்களுக்கு இரண்டு வழி உண்டு.

ஜாஸ் என்ன கேட்கிறது?

ஜாஸின் உயிர் அந்த நேரத்துக் கற்பனை. நம் இசையில் மனோதர்மம் என்கிறோமே, அதற்கு அண்ணன் தம்பி உறவு. ஒரு தெரிந்த மெட்டை முதலில் வாசிப்பார்கள், அப்புறம் ஒவ்வொருவராக அதன் மேல் புதிதாக வாசித்துக்கொண்டு போவார்கள்.

ஆனால் தரை வேறு. கல்பனாஸ்வரம் பாடுபவர் ஒரு ராகத்துக்குள் நிற்கிறார், தம்புரா ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. ஜாஸில் கீழே கார்டுகள் ஓடிக்கொண்டிருக்கும். கார்டு என்றால் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிக்கும் சில ஸ்வரங்களின் கொத்து. பியானோவோ கிட்டாரோ ஓரிரு விநாடிக்கு ஒரு கார்டாக மாற்றிக்கொண்டே போகும். தனியாக வாசிப்பவர் ஒவ்வொரு மாற்றத்துக்கும் பொருந்த வாசிக்க வேண்டும்.

சிக்குக் கோலத்தை நினைத்துப் பாருங்கள். புள்ளிகள் வைத்தாயிற்று, கம்பி அவற்றைச் சுற்றி வளைந்து வளைந்து போகிறது. கார்டு அந்தப் புள்ளிகள், மெட்டு அந்தக் கம்பி. ஜாஸில் கம்பி பாதி போய்க்கொண்டிருக்கும்போதே யாரோ புள்ளிகளை அழித்து வேறு இடத்தில் வைத்துவிடுகிறார்கள். கையை எடுக்காமல், கம்பி அறுபடாமல், புதிய புள்ளிகளுக்குள் புக வேண்டும்.

1940களில் நியூயார்க்கில் சார்லி பார்க்கர் போன்றவர்கள் இதை இன்னும் வேகமாக்கினார்கள். அந்தப் பாணிக்கு பீபாப் என்று பெயர். கார்டுகள் நெருக்கமாக வரும், கருப்புக் கட்டை வெள்ளைக் கட்டை பேதமில்லாமல் ஸ்வரங்கள் கொட்டும். பார்க்கர் சாக்ஸபோனில் ஒரே மூச்சில் நாற்பது ஐம்பது ஸ்வரங்களை உதிர்ப்பார். டூட்ஸுக்கு ஆசை வந்தது அந்த இசையின் மேல்தான்.

மூச்சுத்தான் சிக்கல்

இப்போது ச ரி க ம ப த நி ச என்று குரோமாட்டிக்கில் ஏறிப் பாருங்கள். வெறும் வாயால் மூச்சை விட்டு இழுத்துச் செய்தாலே போதும். ஊது, இழு, ஊது, இழு, ஊது, இழு, இழு, ஊது. எட்டு ஸ்வரத்துக்குள் மூச்சு ஆறு முறை திசை மாறிவிட்டது.

ஒவ்வொரு முறை திசை மாறும்போதும் காற்று ஒரு கணம் நிற்க வேண்டும். கிணற்றில் வாளி மேலே வந்து திரும்பும்போது ஒரு நொடி அசையாமல் நிற்குமே, அப்படி. அந்த நொடியில் ஒலி அறுபடும். சாக்ஸபோனில் ஒரே மூச்சில் வழுக்கிக்கொண்டு போகும் வரியை ஹார்மோனிக்காவில் வாசித்தால் தையல் பிரிந்த துணிபோல ஆகிவிடும். நம் வீட்டு மவுத் ஆர்கனில் எந்தப் பாட்டும் கொஞ்சம் வெட்டி வெட்டி வருவதற்குக் காரணம் இதுதான்.

இரட்டை வழி இங்கேதான் கை கொடுக்கிறது. ம-விலிருந்து ப-வுக்குப் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சாதாரண வழியில் ம இழுப்பு, ப ஊதல். நடுவில் ஒரு வெட்டு விழும். அதற்குப் பதிலாக, இரண்டாவது துளையில் பொத்தானை அழுத்தி ம-வை ஊதி, பொத்தானை விட்டபடியே மூன்றாவது துளைக்கு நகர்ந்தால், ப-வும் அதே ஊதலில் வந்துவிடும். வெட்டு மறைந்துவிட்டது. க-விலிருந்து ம-வுக்குப் போக உதட்டைக்கூட நகர்த்த வேண்டாம், ஊதிக்கொண்டே பொத்தானை அழுத்தினால் போதும்.

இதைக் காகிதத்தில் எழுதுவது எளிது. ஓடும் கார்டுகளுக்கு மேல், முன்கூட்டியே தயாரிக்காத ஒரு வரியில், அடுத்த நான்கு ஸ்வரங்களுக்கு எந்தத் திசை தோதுப்படும் என்று மூச்சே தெரிந்து வைத்திருக்க வேண்டும். யோசித்தால் தாமதமாகிவிடும். இத்தனைக்கும் பார்த்துக்கொள்ள எதுவும் இல்லை. பியானோவில் கட்டை தெரியும், கிட்டாரில் விரல் தெரியும். ஹார்மோனிக்கா வாய்க்குள் இருக்கிறது.

இன்னொரு சங்கடமும் உண்டு. மற்ற ஊது வாத்தியங்களில் மூச்சு தீர்ந்துபோவதுதான் கவலை. இதில் தொடர்ந்து இழுப்பு ஸ்வரங்களே வந்தால் நெஞ்சு நிறைந்து வழியும், வெளியே விட இடம் இருக்காது. டூட்ஸ் எல்லா வெட்டுகளையும் மறைக்கவில்லை என்பதுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது. எங்கே வழுக்க வேண்டுமோ அங்கே பொத்தானால் வழுக்கினார். எங்கே தவிர்க்க முடியாதோ, அங்கே அந்த இடைவெளியைப் பேச்சில் வரும் தயக்கமாக ஆக்கிக்கொண்டார். அவர் வாசிப்பைக் கேட்டால் யாரோ யோசித்து யோசித்துச் சொல்வதுபோல இருப்பதற்கு இதுவே காரணம் என்று நம்புகிறேன். பொத்தானைத் தட்டி ஒரு ஸ்வரத்துக்கு முன்னால் அரை ஸ்வரம் கீழிருந்து தொட்டு வருவதும் அவருடைய கைநாட்டு மாதிரி. நாம் அனுஸ்வரம் என்று சொல்வதற்குப் பக்கத்தில் வரும் ஒன்று.

சுருக்கமாக: ஜாஸுக்கு அறுபடாத வரி வேண்டும், ஹார்மோனிக்கா இயல்பாகவே வரியை அறுக்கும். பொத்தான் தரும் மாற்று வழிகளால் சில வெட்டுகளை மூடலாம். மூட முடியாதவற்றை இசையாக்க வேண்டும்.

பிரஸ்ஸல்ஸ் காப்பிக்கடைப் பையன்

1922 ஏப்ரல் 29 அன்று பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் மரோல் என்ற உழைக்கும் மக்கள் பகுதியில் ழான் தீலெமான்ஸ் பிறந்தார். பெற்றோர் ஒரு கஃபே நடத்தினார்கள். அங்கே அக்கார்டியன் வாசிப்பதைக் கேட்டுக் கேட்டு, மூன்று வயதிலேயே குழந்தை அதைக் கையில் எடுத்துக்கொண்டது. அக்கார்டியனும் ரீட் வாத்தியம்தான், கைகளால் இழுத்து அமுக்கும் துருத்தி அது. கைத்துருத்தியிலிருந்து மூச்சுத் துருத்திக்குப் போனவர் என்று அவரைச் சொல்லலாம்.

பதின்பருவத்தில் ஹார்மோனிக்கா வந்தது. அவர் வாசித்ததை ஜாஸ் நண்பர்கள் கேட்டார்கள். அந்தப் பொம்மையைத் தூக்கிப் போட்டுவிட்டு உருப்படியாக ஒரு வாத்தியம் கற்றுக்கொள் என்றார்கள். இதை அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். நண்பர்களை மட்டும் குறை சொல்லவும் முடியாது. 1942இல் அமெரிக்க இசைக்கலைஞர் சங்கம் இசைத்தட்டுப் பதிவுக்குத் தடை விதித்தபோது ஹார்மோனிக்கா வாசித்தவர்கள் தாராளமாகப் பதிவு செய்தார்கள். காரணம், சங்கத்தின் கணக்கில் அது வாத்தியமே இல்லை.

நண்பர்கள் சொல்லைக் கேட்டு கிட்டாரும் கற்றார், ஹார்மோனிக்காவையும் விடவில்லை. கிட்டாரில் அவருக்குக் குரு ஸ்தானத்தில் இருந்தவர் ஜாங்கோ ரைன்ஹார்ட், இசைத்தட்டுகள் வழியாக. டூட்ஸ் என்ற பெயரும் அமெரிக்க ஜாஸிலிருந்து வந்ததுதான். டூட்ஸ் மாண்டெலோ, டூட்ஸ் காமராட்டா என்ற இரண்டு கலைஞர்களின் பெயரிலிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

1950இல் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மனின் குழுவோடு ஐரோப்பியச் சுற்றுப்பயணம். பிறகு அமெரிக்கா. 1952இல் பிலடெல்பியாவில் சார்லி பார்க்கரின் ஆல் ஸ்டார்ஸ் குழுவில் சேர்ந்து வாசித்தார். யாருடைய வரிகளைக் கேட்டு மூச்சின் திசையை மாற்றி மாற்றிப் பழகினாரோ, அவர் பக்கத்திலேயே நின்று. அதன் பிறகு பல ஆண்டுகள் பியானோ கலைஞர் ஜார்ஜ் ஷியரிங்கின் குழுவில், பெரும்பாலும் கிட்டார்க்காரராக.

ஜாஸில் ஹார்மோனிக்கா வாசித்த முதல் ஆள் டூட்ஸ் என்று சிலர் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். அது சரியல்ல. லாரி ஆட்லர் 1938லேயே பாரிஸில் ஜாங்கோவின் குழுவோடு பதிவு செய்திருக்கிறார், அருமையாகவும் வாசித்திருக்கிறார். ஆட்லர் மெட்டை அலங்கரித்து வாசித்தார். டூட்ஸ் பீபாப்பின் ஓடும் கார்டுகளுக்குள் சாக்ஸபோன்காரர்களைப் போலவே புகுந்து புறப்பட்டார். புதுமை அங்கேதான் இருக்கிறது.

ப்ளூஸெட்

அவர் இயற்றியவற்றில் உலகம் முழுக்கப் போனது 'ப்ளூஸெட்'. 1960களின் தொடக்கத்தில் பதிவானது. பிறந்த கதை எளிமையானது. வயலின் கலைஞர் ஸ்டெஃபான் கிராப்பெல்லியோடு ஓர் ஒப்பனை அறையில் இருந்தபோது, கிட்டாரைச் சுருதி சேர்த்துக்கொண்டே டூட்ஸ் ஒரு மெட்டை முணுமுணுத்தார். நன்றாக இருக்கிறதே, எழுதி வைத்துக்கொள் என்றார் கிராப்பெல்லி. முதலில் வைத்த பெயர் ஒரு சின்ன நீலப் பூவின் பிரெஞ்சுப் பெயர். ப்ளூஸின் சாயல் இருந்ததால் அது 'ப்ளூஸெட்' ஆனது.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஹார்மோனிக்காவால் பெயர் பெற்றவரின் மிகப் புகழ்பெற்ற பாட்டின் முதல் பதிவில் கேட்பது ஹார்மோனிக்கா இல்லை. கிட்டாரில் ஒவ்வொரு ஸ்வரத்தையும் மீட்டும்போது, அதே ஸ்வரத்தை வாயால் விசிலடித்துக்கொண்டே போகிறார். விரலும் உதடும் இம்மி பிசகாமல் சேர்ந்து நடக்கின்றன. கற்பனையாக வாசிக்கும் பகுதியிலும் அப்படியே.

பாட்டு மூன்று மூன்றாக எண்ணும் நடை, நம் ரூபக தாளக்காரர்களுக்கு உடனே பிடிபடும். மூன்று எண்ணிக்கை சேர்ந்தது ஓர் அளவு, ஒரு சுற்றுக்கு 24 அளவுகள். அதற்குள் கார்டுகள் சுருதி விட்டுச் சுருதி இறங்கிக்கொண்டே போய், கடைசியில் புறப்பட்ட வாசலுக்கே வந்து நிற்கும். புள்ளிகள் நகரும் கோலம் என்று சொன்னேனே, அதைக் காதால் கேட்க இதைவிட நல்ல பாட்டு எனக்குத் தெரியவில்லை. மேலே மெட்டு குழந்தை மாதிரி துள்ளுகிறது, கீழே தரை நழுவிக்கொண்டே இருக்கிறது. சிரிப்புக்கும் கண்ணீருக்கும் நடுவில் இருக்கும் சின்ன இடம்தான் தன்னுடைய இடம் என்று டூட்ஸ் சொல்வார்.

பெயர் தெரியாமல் கேட்ட குரல்

அவர் இசை போய்ச் சேர்ந்த இடங்களைப் பட்டியல் போட்டால் நீளும். 'மிட்நைட் கவ்பாய்' திரைப்படத்தின் அந்தத் தனிமையான ஹார்மோனிக்கா அவருடையது. 'செசமி ஸ்ட்ரீட்' குழந்தைகள் நிகழ்ச்சியின் ஹார்மோனிக்கா அவருடையது. ஓல்ட் ஸ்பைஸ் விளம்பரத்தின் விசிலும் அவர்தான். குயின்சி ஜோன்ஸ் தன் திரையிசையில் அவரைத் திரும்பத் திரும்ப அழைத்தார். பால் சைமன், பில்லி ஜோயல் பாட்டுகளிலும் வந்துவிட்டுப் போனார். பிரேசில் பாடகி எலிஸ் ரெஜினாவோடு 1969இல் ஓர் ஆல்பம் செய்தார். டூட்ஸ் என்ற பெயரையே கேள்விப்படாத கோடிக்கணக்கானவர்களுக்கு அவர் மூச்சு பழக்கம்.

1981இல் பக்கவாதம் தாக்கியது. இடது கை பலவீனமாகி, கிட்டார் குறைந்தது. மூச்சு மிஞ்சியது. அதன் பிறகும் முப்பது வருடங்களுக்கு மேல் மேடை ஏறினார். ஒரு கையில் மைக்கையும் ஹார்மோனிக்காவையும் சேர்த்துப் பொத்திப் பிடித்து, உயரமான ஸ்டூலில் உட்கார்ந்து, கனத்த கண்ணாடிக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு. 2001இல் பெல்ஜிய அரசர் இரண்டாம் ஆல்பெர்ட் அவருக்கு பாரன் என்ற பிரபுப் பட்டம் கொடுத்தார். 2009இல் அமெரிக்க அரசின் ஜாஸ் மாஸ்டர் விருது. 2014இல் மேடையை விட்டார். 2016 ஆகஸ்ட் 22 அன்று, 94 வயதில் காலமானார்.

விருதுகளைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவருக்குப் பின்னால் வந்தவர்கள். ஜெர்மனியில் பிறந்த ஹெண்ட்ரிக் மோய்ர்க்கென்ஸ் வைப்ரஃபோன் என்ற, உலோகக் கட்டைகளைத் தட்டும் வாத்தியத்தை வாசித்துக்கொண்டிருந்தவர், டூட்ஸைக் கேட்டுத்தான் ஹார்மோனிக்காவுக்கு வந்தார். சுவிட்சர்லாந்தில் பிறந்த கிரெகுவார் மாரே ஜாஸ் கிட்டார் கலைஞர் பாட் மெதனியின் குழுவில் வாசித்தார். ஸ்பெயினின் அன்டோனியோ செரானோ, கிட்டார் மேதை பாக்கோ டி லூசியாவின் ஃப்ளமெங்கோ என்ற ஸ்பானிய இசைக் குழுவுக்குள்ளேயே ஹார்மோனிக்காவைக் கொண்டுபோனார். மூவரும் ஒருவரைப்போல ஒருவர் வாசிப்பதில்லை, டூட்ஸைப் போலவும் வாசிப்பதில்லை. இவர்கள் யாரிடமும் பொம்மையை ஏன் வைத்திருக்கிறாய் என்று யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அந்தக் கேள்வியைத் தன் காலத்தோடு தீர்த்துவைத்துவிட்டுப் போனார்.

எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம்?

முதலில் ப்ளூஸெட்டின் பழைய பதிவு. விசிலும் கிட்டாரும் சேர்ந்து நடப்பதை மட்டும் கவனியுங்கள்.

அப்புறம் பியானோ மேதை பில் எவன்ஸோடு அவர் செய்த 'அஃபினிட்டி' ஆல்பம், 1979இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டே எவன்ஸ் இறந்துவிட்டார். ஆல்பத்தின் முதல் பாட்டு பால் சைமன் எழுதிய 'ஐ டூ இட் ஃபார் யுவர் லவ்'. இரவில், ஹெட்போனில், சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்துக் கேளுங்கள். எவன்ஸின் கார்டுகளுக்கு மேல் ஹார்மோனிக்கா வரும்போது, நீங்களும் மெல்ல மூச்சை விட்டு இழுத்துக்கொண்டே அதன் பின்னால் போய்ப் பாருங்கள். எந்த ஸ்வரம் ஊதல், எந்த ஸ்வரம் இழுப்பு என்று கண்டுபிடிக்க முயலுங்கள். ஒரு சில வரிகளில் பிடிபடும். பிறகு ஓர் இடத்தில் தவறவிடுவீர்கள். அந்த இடத்தில் அவர் பொத்தானை அழுத்தியிருக்கலாம்.